செய்திப் பதிவேடுகளும் வடிகட்டும் முறையும்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு எழுதுவோர்க்கு ஆதாரமாக அமைவன பதிவேடுகள். நிகழ்ந்தன யாவற்றையும் எழுதிவைத்தல் எவர்க்கும் இயலாது. எழுதிவைத்தன யாவற்றையும் படித்து முடித்தலும் எவர்க்கும் இயலாது. ஆதலின், எழுதுமிடத்து ஒரு தெரிவும் படிக்குமிடத்து மற்றொரு தெரிவும் நிகழ்ந்தே தீரும். அத்தெரிவைச் செய்பவர் யாவர், எவ்வளவை கொண்டு செய்கின்றனர், விடுபட்டவை பின்னர் என்னாகின்றன என்னும் வினாக்கள் பழைய ஆவணங்களை ஆராய்வார்க்கு மட்டும் உரியன அல்ல. வங்கிகளிலும் விமானச் சேவைகளிலும் அரசாங்கத் திணைக்களங்களிலும் இயங்கும் மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினிகள் இரவும் பகலும் வெளியிடும் செய்திப் பதிவேடுகளை ஆராய்வோரும் இவ்வினாக்களையே எதிர்நோக்குகின்றனர். இலட்சக்கணக்கான வரிகளுள் வேண்டியதை மட்டும் எடுத்துக் காட்டும் ஒழுங்கினை அவர்கள் வடிகட்டி என்பர்.

வடிகட்டி அமைத்தல் கணினி அறைக்குள் அடங்கிய சிறு தொழில்நுட்பம் எனத் தோன்றலாம். ஆயின், அதன் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கின், அது மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் மக்களின் உயிரோடு தொடர்புடைய தொன்றாதல் புலனாகும்.

நாட்பதிவேடும் நினைவுக்குறிப்பும்

மட்டக்களப்பு வாவியாற் சூழப்பட்ட புளியந்தீவில் அமைந்த கோட்டை 1638ஆம் ஆண்டு மே மாதத்திற் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் வசமாயிற்று. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் அடம் வெஸ்டர்வோல்டும் அவ்விடத்திலேயே உடன்படிக்கை செய்துகொண்டனர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிமுறையிற் பதிவேடு எழுதுதல் தலையாய கடமைகளுள் ஒன்று. கப்பல்களின் வரவு, தூதுவர் வருகை, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவைக்கும் நாட்பதிவேடுகள் எழுதப்பட்டன. அவற்றோடு, ஓர் அதிகாரி பதவியினின்றும் நீங்கும்பொழுது தமக்குப் பின்வருவோரின் பயன் கருதி நினைவுக்குறிப்பு ஒன்றை எழுதி ஒப்படைக்கும் வழக்கமும் இருந்தது. மட்டக்களப்பிற் பொறுப்பதிகாரியாக இருந்த யாக்கோப் பர்னாண்ட் 1794ஆம் ஆண்டில் எழுதிய நினைவுக்குறிப்பு இவ்வகையிற் பெயர்பெற்றது.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. நாட்பதிவேடு நிகழ்ந்தவற்றை நிகழ்ந்த முறையிலே தொகுத்து வைப்பது. நினைவுக்குறிப்பு அவற்றுள் ஆட்சிக்கு வேண்டியவற்றை மட்டும் வடித்துத் தருவது. புதிதாக வந்த அதிகாரிக்கு வடித்தெடுத்த குறிப்பே உடனடிப் பயனுடையது. ஆனால், அக்குறிப்பை எழுதியவர் கருதாத ஒரு வினா நூறாண்டு கழித்து எழுமாயின், விடை தேடுவோர் நாட்பதிவேட்டிற்கே திரும்பிச் செல்லல் வேண்டும். நாட்பதிவேடு அழிந்து நினைவுக்குறிப்பு மட்டும் எஞ்சுமாயின், பழையவர் கண்ணாற் கண்டதற்கு மேல் புதியவர் எதனையும் காண்பதற்கில்லை. இக்கம்பனியின் ஆவணங்கள் 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிற் சேர்க்கப்பெற்றமைக்கு, வடிக்கப்படாத மூலப் பதிவுகள் பெருமளவில் எஞ்சியிருத்தலும் ஒரு காரணம் எனலாம்.

கணினியின் பதிவேட்டை ஆங்கிலத்தில் ‘லொக்’ என வழங்கும் பெயரும் கடலிலிருந்து வந்ததே. கப்பலின் வேகத்தை அறியும் பொருட்டு, முடிச்சிட்ட கயிற்றிற் கட்டிய மரக்கட்டையைப் பின்புறமாக நீரில் எறிந்து, குறித்த நேரத்துள் எத்தனை முடிச்சுக்கள் கைவழியே செல்கின்றன என்று எண்ணுவது பழைய மாலுமிகளின் வழக்கம். அம்மரக்கட்டையின் பெயர் அவ்வெண்ணிக்கையை எழுதிய ஏட்டிற்காகி, நாளடைவில் எவ்வகை நிகழ்ச்சிப் பதிவேட்டிற்கும் பொதுப்பெயராயிற்று.

பெருங்கணினி பேசத் தொடங்கியமை

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்டம் 360’ என்னும் கணினி வரிசையை அறிவித்தது. இவ்வரிசைக்கென எழுதப்பட்ட இயக்க முறைமை பல வேலைகளை ஒருங்கே நடத்த வல்லதாக வளர்ந்தது. வேலைகள் பலவானமையால், இயந்திரம் தன் நிலையைத் தன்னை இயக்குபவர்க்கு ஓயாது அறிவித்தல் இன்றியமையாததாயிற்று. ஒரு வேலை தொடங்கியது, ஒன்று முடிந்தது, ஒரு காந்தநாடாவை ஏற்றுக, ஒரு கருவி பழுதுற்றது என்பன போன்ற செய்திகள், 1052 என்னும் எண்ணுடைய தட்டச்சு இயந்திரத்தின் வாயிலாகத் தாளில் அச்சாயின். அவ்வியந்திரம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 15 எழுத்துக்களையே அச்சிட வல்லது. அறுபது எழுத்துக்கொண்ட ஒரு வரிக்கு நான்கு வினாடி செல்லும். எனவே, செய்திகள் சுருங்க அமைதலும், எச்செய்தி முதன்மையானது என்பது பார்த்த அளவிலே விளங்குதலும் தொடக்கம் முதலே தேவையாயின.

இத்தேவையினின்றும் பிறந்தது செய்திக்குறி. ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும், அதனை வெளியிட்ட பகுதியைக் காட்டும் எழுத்துக்களும், ஓர் எண்ணும், ஈற்றில் ஓர் எழுத்தும் நிற்கும். ஈற்றெழுத்து ‘ஏ’ ஆயின் இயக்குபவர் செயலாற்றல் வேண்டும். ‘டி’ ஆயின் அவர் ஒரு முடிவைத் தெரிவித்தல் வேண்டும். ‘ஈ’ ஆயின் ஓய்வுற்றபோது செயலாற்றலாம். ‘ஐ’ ஆயின் அது வெறும் தகவல். நாடாவை ஏற்றுமாறு கேட்கும் ‘ஐஈஎவ் 233’ என்பது ‘ஏ’ வகையைச் சேர்ந்தது. வேலை தொடங்கியமையைக் கூறும் ‘ஐஈஎவ் 403’ என்பது ‘ஐ’ வகையைச் சேர்ந்தது.

கணினி அறைகள் பெருகியபோது, ஒரே தாளில் யாவர்க்கும் உரிய செய்திகள் கலந்து வருதல் இடையூறாயிற்று. அதனால் ஒவ்வொரு செய்திக்கும் வழிக்குறி எண்களும் தன்மைக்குறி எண்களும் அமைக்கப்பட்டன. வழிக்குறி 1 தலைமை இயக்குநர் செயலாற்ற வேண்டியதைக் குறிக்கும். 3 நாடாப் பகுதியினர்க்கு உரியது. 9 பாதுகாப்புப் பற்றியது. 10 பழுதுபார்ப்போர்க்கு உரியது. 11 நிரல் எழுதியவர்க்கு உரியது. தன்மைக்குறி 1 முறைமையே சீர்குலைந்தமையையும் 2 உடனடிச் செயல் வேண்டப்படுதலையும் காட்டும். வழிக்குறி ‘யாருக்கு’ என்னும் வினாவிற்கும், தன்மைக்குறி ‘எத்துணை அவசரம்’ என்னும் வினாவிற்கும் விடையாயின. வடிகட்டி என்பதன் முதல் உருவம் இதுவே.

இந்திய உபகண்டத்திற்கும் இலங்கைக்கும் இவ்வியந்திரங்கள் வரக் காலம் நெடிது செல்லவில்லை. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1973ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370 வரிசையைச் சேர்ந்த பெருங்கணினி ஒன்று நிறுவப்பெற்றது. இலங்கையில் 1960களின் பிற்பகுதியில் அரச பொறியியற் கூட்டுத்தாபனம் கணினியைப் பயன்படுத்தத் தொடங்கியது.

மறைத்தலும் அழித்தலும்

1974ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.வி.எஸ். என்னும் முறைமையில் வேலைகளின் தொகை மேலும் பெருகிற்று. தாளுக்குப் பதிலாகத் திரை வந்தது. திரையில் வரிகள் ஓடி மறையும் வேகம் மனிதக் கண்ணின் வேகத்தை விஞ்சியபோது, 1980களில் செய்திகளைத் தெரிந்து மறைக்கும் வசதி அம்முறைமையிற் சேர்க்கப்பட்டது. எந்தச் செய்திக்குறிகளைத் திரையிற் காட்ட வேண்டுவதில்லை என்று ஒரு பட்டியலில் எழுதிவிடின், அச்செய்திகள் இயக்குபவர் கண்ணிற்கு வாரா. ஆயின், திரையினின்றும் இவ்வாறு மறைக்கப்பட்ட செய்தியும் நிலைப் பதிவேட்டிற் பொறிக்கப்படும் என்னும் ஒழுங்கு உடன் வகுக்கப்பட்டது. இயக்குபவர் பாராத செய்தியை, மறுநாட் காலையில் ஆராய்பவர் பதிவேட்டிற் காணலாம்.

இந்நுட்பத்தை விளக்குதற்கு வாவியின் வாழ்க்கையே தக்க உவமை தருகின்றது. வாவியில் வீச்சுவலை வீசும் மீனவன் வலைக்கண்ணின் அளவினாலேயே தன் தெரிவைச் செய்துவிடுகின்றான். கண் பெரிதாயிற் சிறுமீன் தப்பும்; தப்பிய மீன் மீண்டும் தோணிக்கு வாராது. இது பிடிக்குமிடத்து நிகழும் தெரிவு. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தினருகே மீனின் இசையைக் கேட்கச் செல்பவன் செய்வது வேறு. அவன் துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி மறுமுனையைச் செவியில் வைப்பான். 1848ஆம் ஆண்டில் மட்டக்களப்பிற்கு வந்து அவ்விசையைக் கேட்ட சேர் எமர்சன் தெனன்ற், தோணியின் மரத்திற் செவியைப் பொருத்தியபொழுது ஒலி மிகுந்து கேட்டமையை 1859இல் வெளிவந்த தம் நூலிற் குறித்துள்ளார். துடுப்பு வேற்றொலிகளை நீக்கி ஒன்றை மட்டும் செவிக்குத் தருகின்றது. ஆனால், வாவியினின்றும் எதனையும் அகற்றுவதில்லை. கேட்பவன் துடுப்பை வேறிடத்தில் ஊன்றினால் வேறொலியைக் கேட்கலாம். இது படிக்குமிடத்து நிகழும் தெரிவு.

பதிவேட்டை ஆராய்வோர்க்கு வேண்டியது துடுப்பேயன்றி வலையன்று. பதிவு செய்யுமிடத்திலேயே ஒன்றைத் தள்ளிவிடின் பின்னர் அதனை மீட்க வழியில்லை. முழுமையும் பதிந்துவைத்து, காணுமிடத்தில் மட்டும் வடிகட்டின், பிழை நேர்ந்தாலும் திருத்திக்கொள்ளலாம்.

வடிகட்டி அமைக்கும் முறை

1994ஆம் ஆண்டளவிற் பல பெருங்கணினிகளை ஒன்றிணைத்து ஒன்றேபோல இயக்கும் முறை வந்தது. 32 முறைமைகள் வரை அவ்வாறு இணையலாம். அவை அனைத்தின் செய்திகளையும் கால வரிசையில் ஒன்றுகூட்டும் பொதுப் பதிவேடும் சில ஆண்டுகளில் அமைந்தது. இத்தகைய பதிவேட்டில் ஓரிரவுச் செய்திகளை வரிவரியாகப் படித்தல் எவர்க்கும் ஆகாது. ஒரு வங்கியில் நள்ளிரவுக்குப்பின் நடைபெறும் வட்டிக் கணக்கு வேலை விடியுமுன் முடியாது நின்றுவிட்டது எனக் கொள்வோமாயின், அதன் காரணத்தைத் தேடும் ஒழுங்கு பின்வருமாறு அமையும்.

முதலாவது, கால எல்லை. வேலை நின்ற நேரத்திற்கு முன்னும் பின்னும் சிறிது இடம் விட்டு எல்லை வகுத்தல் வேண்டும். காரணம் விளைவுக்கு முற்பட்டே நிகழும். இரண்டாவது, எந்த முறைமை, எந்த வேலை என்னும் வரையறை. மூன்றாவது, செய்திக்குறி. நான்காவது, வேண்டாதவற்றைக் கழித்தல். ஒவ்வொரு படியிலும் எத்தனை வரிகள் எஞ்சின என்று குறித்துக்கொண்டு செல்வது நல்லாசிரியர் கற்பிக்கும் முறை. ஒரு படியில் வரிகள் திடீரென முற்றாக மறைந்துவிடின், வடிகட்டியிற் பிழையுண்டு என்பது அப்பொழுதே தெரியவரும்.

பயில்வோர் பெரும்பாலும் தவறும் இடங்கள் சில உள. இரு செய்திக்குறிகளைத் தேடும்போது ‘இரண்டும் பொருந்துக’ என்று கட்டளையிடின் ஒன்றும் அகப்படாது. ஒரு செய்திக்கு ஒரு குறியே உண்டு ஆதலின் ‘ஒன்றேனும் பொருந்துக’ என்றே கூறல் வேண்டும். சில செய்திகள் பல வரிகளாக நீளும். குறி முதல் வரியில் மட்டுமே நிற்கும். வரிவரியாகத் தேடுபவன் தலைப்பைக் கண்டு உடலை இழப்பான். பல முறைமைகளின் பதிவுகளை ஒன்றுசேர்க்குமிடத்து, அவற்றின் கடிகாரங்கள் ஒத்திருத்தலும், உள்ளூர் நேரமா கிரீனிச் நேரமா என்பது தெளிவாதலும் இன்றியமையாதன.

இவை யாவற்றினும் பெரிய தவறு ஒன்றுண்டு. ஈற்றெழுத்து ‘ஐ’ ஆகிய செய்திகள் வெறும் தகவல் என்பதனால், அவற்றை முழுதும் கழித்துவிட்டு எஞ்சியவற்றை மட்டும் படிப்போர் உளர். வேலை ஒன்று முறைகெட்டு நின்றமையை அறிவிக்கும் ‘ஐஈஎவ் 450’ என்னும் செய்தியின் ஈற்றெழுத்தும் ‘ஐ’ என்பதே. தேடிய செய்தியையே அவர்கள் கழித்துவிட்டனர்! இது முரண்பாடு போலத் தோன்றினும் முரண்பாடன்று. ‘ஐ’ என்பதன் பொருள், இயக்குபவர் உடனே செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பதேயன்றி, செய்தி எவர்க்கும் முதன்மையற்றது என்பதன்று. வேலையின் உடைமையாளர்க்கு அதுவே அன்றைய நாளின் தலையாய செய்தி. ஆகவே, ஒரு செய்தியின் தரம் அச்செய்தியில் மட்டும் உள்ளதன்று. அது யாரை நோக்கி எழுதப்பட்டது என்பதனைப் பொறுத்தது. இவ்வுண்மையை மறந்தமையால் விளைந்த கேடு கணினி அறைக்கு வெளியே மிகப் பெரிது.

வடிகட்டியின்மையால் விளைந்தது

வடிகட்டியே இல்லாதவிடத்து நேர்வதனை முதலில் நோக்கல் தகும். 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் அதிகாலையில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. முதற் சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட அபாய அறிவிப்புக்கள் ஒருங்கே எழுந்தன. அவற்றுள் முதன்மையானது இது, அற்பமானது இது எனப் பிரித்துக் காட்டும் ஒழுங்கு இருக்கவில்லை. அறிவிப்புக்களை அச்சிட்ட இயந்திரம் நிகழ்ச்சிகளுக்கு இரண்டரை மணி நேரத்திற்கு மேற் பின்தங்கியது; ஒரு கட்டத்தில் அது சிக்கிக்கொண்டமையால் தகவல்கள் சில இழக்கப்பட்டன. ஜோன் கெமனி தலைமையிலான விசாரணைக் குழு இதனை எடுத்துக்காட்டியது. செய்தி குறைவுபட்டதனால் அன்று இடர் நேரவில்லை. செய்தி மிகுந்து வந்ததனால், இயக்குபவர்க்கு வேண்டிய செய்தி அவருக்குப் பயன்படும் நேரத்திற் கிட்டவில்லை.

2004ஆம் ஆண்டின் பதிவு

மற்றைய பிழை, வடிகட்டி வேறோரிடத்திற்கு அமைந்து, அமைந்த அளவிலே நின்றுவிடுதல். அதனால் விளைந்ததை வாவிக் கரையோரம் நன்கறியும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், கிரீனிச் நேரம் 0 மணி 58 நிமிடம் 53 வினாடிக்குச் சுமாத்திராவின் மேற்குக் கடலிற் பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. அக்காலத்தில் இலங்கை நேரம் கிரீனிச் நேரத்திலும் 6 மணி முந்தியது. 2006ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே அது ஐந்தரை மணியாக மாற்றப்பட்டது. ஆதலின், அந்நாட் பதிவுகளை இன்றைய நேரக் கணக்கின்படி மாற்றுவோர் அரைமணி பிழைபடுவர். உள்ளூர் நேரப்படி நிலநடுக்கம் நிகழ்ந்தது காலை 6.59 மணியளவில். அதன் அதிர்வு இலங்கையிற் பள்ளேகலையிலுள்ள உலக நிலநடுக்க வலையமைப்பின் கருவியிற் சில நிமிடங்களிற் பதிவாயிற்று. ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் 7.14 மணிக்கு முதல் அறிக்கையை வெளியிட்டது. அதில் நிலநடுக்கத்தின் அளவு 8.0 எனக் கூறப்பட்டிருந்தது. 8.04 மணிக்கு வெளிவந்த இரண்டாம் அறிக்கை அளவை 8.5 ஆக உயர்த்தி, நடுக்க மையத்தின் அண்மையிற் சுனாமி ஏற்படக்கூடும் என்றும் குறிப்பிட்டது. பின்னைய ஆய்வுகள் கண்ட அளவோ 9.1 முதல் 9.3 வரை. இலங்கையின் கீழைக் கரையைப் பேரலை காலை ஒன்பது மணியை அண்மித்துத் தாக்கிற்று. அதாவது, முதல் அறிக்கைக்கும் பேரலைக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்தது.

இப்பதிவினைப் பெருங்கணினியின் பதிவேட்டை ஆராயும் முறையிலே நோக்கின், மூன்று வடிகட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருந்தமை விளங்கும். முதலாவது கருவிக் கணக்கில் இருந்தது. விரைந்து அளவிடும் பொருட்டு, முதலில் வந்தெட்டும் குறுகிய அலைகளைக் கொண்டே அளவு கணிக்கப்பட்டது. அக்குறுகிய அலைகள், நிலப்பிளவு எட்டு முதற் பத்து நிமிடம் வரை தொடர்ந்து 1,200 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு சென்றமையை முழுதும் காட்ட வல்லனவல்ல. நெடிய அலைகளையும் சேர்த்துக் கணித்தபோதே அளவு உயர்ந்தது. இரண்டாவது வடிகட்டி தரத்தில் இருந்தது. முதல் அறிக்கை எச்சரிக்கையாக அன்றித் தகவலாகவே வெளிவந்தது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்பதே அதன் கருத்து. பசிபிக்கை நோக்கின் அது பிழையன்று. மூன்றாவது முகவரியில் இருந்தது. பசிபிக் ஒழுங்கமைப்பிற் சேர்ந்த நாடுகளுக்கே அறிக்கைகள் சென்றன. இலங்கை அப்பட்டியலில் இருக்கவில்லை. இந்துமாகடலுக்கென அவ்வாறான ஒழுங்கமைப்பு எதுவும் அந்நாளில் இல்லை. இலங்கையில் உயிரிழப்பு நேர்ந்தமையை ஹவாய் நிலையத்தாரே இணையச் செய்திகளின் வாயிலாகத்தான் அறிந்தனர்.

‘ஐ’ எழுத்துக் கொண்ட செய்தியைப் பற்றி மேலே கூறப்பட்டது ஈண்டு முழுப் பொருளைப் பெறுகின்றது. ஒருவர்க்குத் தகவலாக எழுதப்பட்ட செய்தி, பட்டியலில் இல்லாத மற்றொருவர்க்கு உயிர்ச் செய்தியாக இருந்தது. அன்று கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டில் அமைந்த நாவலடி அழிந்தது. கல்லடி, காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை முதலிய ஊர்களிற் கரையோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியாதொழிந்தன. இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகுந்த உயிரிழப்பை அடைந்தது அம்பாறை. அங்கு மட்டும் மாண்டோர் 10,000க்கு மேற்பட்டவர். பதிவு இருந்தது, செய்தியும் இருந்தது, நேரமும் இருந்தது. அச்செய்தி இக்கரைக்கு உரியது என்று முன்னரே எழுதிவைக்கும் வழிக்குறி ஒன்றுதான் இருக்கவில்லை.

திருத்தமும் அதன் விலையும்

இப்பேரழிவின்பின் ஒழுங்குகள் மாறின. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. 2007ஆம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை நிலையம் செயற்படத் தொடங்கியது. 2011ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இந்தியாவும் இந்தோனேசியாவும் அவுஸ்திரேலியாவும் இந்துமாகடல் நாடுகளுக்குச் சுனாமி அறிவிப்புக்களை வழங்கும் பொறுப்பை ஏற்றன. அறிவிப்புக்கள் தரம் பிரிக்கப்பட்டன. முகவரிப் பட்டியலும் விரிந்தது.

ஆயின், வலைக்கண்ணைச் சிறிதாக்குவதற்கும் ஒரு விலையுண்டு. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் சுமாத்திராவின் கடலில் 8.6 அளவுடைய நிலநடுக்கம் நேர்ந்தபோது, இலங்கையின் கரையோர மக்கள் எச்சரிக்கப்பட்டு மேட்டு நிலங்களை நாடிச் சென்றனர். வந்த அலையோ சிறியது. ஏனெனில், அந்நடுக்கத்தில் நிலத்தட்டுக்கள் பக்கவாட்டில் உராய்ந்தனவேயன்றிக் கடலடியை மேலெழுப்பவில்லை. 2007ஆம் ஆண்டு செப்டெம்பரிலும் இத்தகைய எச்சரிக்கை ஒன்று விடுக்கப்பட்டது. இவற்றை வீண் எச்சரிக்கை என இகழ்வாரும் உளர். நிலநடுக்கம் நேர்ந்த முதற் சில நிமிடங்களில், பேரலை எழும் என்றோ எழாது என்றோ துணிந்து கூறல் அரிது. அந்நிலையில் இருவகைப் பிழைகளுள் ஒன்றை ஏற்றே ஆகவேண்டும். வீணாக ஓடிய மக்கள் மாலையில் வீடு திரும்புவர். எச்சரிக்கப்படாத மக்களுக்கு அவ்வாய்ப்பில்லை. அதேவேளையில், எச்சரிக்கை மிகுந்து பழகிப்போயின் அதனை மதிப்பார் குறைவர் என்பதும் மறுக்கத்தக்கதன்று. ஆதலின், எச்சரிக்கையைத் தளர்த்தாது, அதன் காரணத்தையும் அது நீக்கப்பட்ட காரணத்தையும் மக்களுக்கு விளங்க உரைத்தலே தக்க வழி.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படும் கருத்துக்கள் மூன்று. முதலாவது, வடிகட்டல் காட்சிக்கே உரியது, பதிவிற்கு உரியதன்று. நாட்பதிவேடு முழுமையாக இருக்க, நினைவுக்குறிப்புக்கள் காலந்தோறும் புதிதாக எழுதப்படலாம். இரண்டாவது, அமைதியான நாளில் அமைத்த வடிகட்டியே இடர் நேர்ந்த நாளில் முடிவு செய்கின்றது. இடர் வந்தபின் பட்டியலைத் திருத்துதற்கு நேரம் இராது. ஆகவே, எச்செய்தி எக்காரணம் பற்றி எந்நாளில் மறைக்கப்பட்டது என்பதனை எழுதிவைத்து, ஆண்டுதோறும் மீள நோக்குதல் கடமையாகின்றது. மூன்றாவது, ஒரு செய்திக்குத் தரம் வகுப்போர், ‘இது எத்துணை முதன்மையானது’ என்று மட்டும் வினவுதல் போதாது. ‘யாருக்கு’ என்றும், ‘இப்பட்டியலில் இல்லாதவர் யாவர்’ என்றும் வினவல் வேண்டும்.

பெருங்கணினியின் முன் அமர்ந்து நள்ளிரவிற் பதிவேட்டை ஆராயும் இளைஞர் இன்று தமிழ் மாணவர் நடுவே பலர் உளர். அவர் தொழிலும் வரலாற்று மாணவரின் தொழிலும் ஒன்றே. இருவரும் பிறர் எழுதிவைத்த வரிகளுக்கிடையே காரணத்தைத் தேடுவோர். இருவரும் தாம் எதனைத் தள்ளுகின்றனர் என்பதை அறிந்து தள்ளும் கடப்பாடு உடையோர். கண்ணிற் படாத வரி இல்லாத வரியன்று என்பதனை, வாவிக்கும் கடலுக்கும் இடையே வாழும் இம்மக்களின் அண்மைக்கால வரலாறு உலகிற்கு உணர்த்தி நிற்கின்றது.